தொண்ணூற்றிரண்டுக்கு வலிக்காது

எனக்கு நல்ல கொழுப்பு தொண்ணூற்றிரண்டு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படும்படி எனக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது, உத்தரவுப்படிதான் பட்டேன்.

நகரத் துப்புரவுத் துறையின் லாரி ஷெட்டில் இருபத்தாறு வருஷமாக நான் மெக்கானிக். எங்கள் துறைக்கு நலவாழ்வுப் பிரிவு என்று ஒன்று உண்டு. குப்பை அள்ளுகிறவர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஒரு காலத்தில் கையுறையும் பூட்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு புதிதாக ஒரு நலவாழ்வு அதிகாரி வந்தார். ரத்தத்தில் இரண்டு கொழுப்பு இருக்கிறது, கெட்டது ரத்தக்குழாயில் குப்பையைக் கொட்டுகிறது, நல்லது அதை அள்ளிக்கொண்டு போகிறது என்று எங்கேயோ பாதிக் கட்டுரை படித்துவிட்டார். மீதிப் பாதியைப் படிப்பதற்குள் அவருக்குப் பிரிவின் தலைவராகப் பதவி உயர்வு வந்துவிட்டது. “அட, நம்ம துறையேதான் உடம்புக்குள்ள நடக்குது!” என்று பூரித்துப்போனவர், அன்றிலிருந்து பிரிவின் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டு நல்ல கொழுப்பை எண்ண ஆரம்பித்தார்.

நாற்பதுக்குக் கீழே என்றால் சட்டையில் சிவப்பு பேட்ஜ். நாற்பதிலிருந்து அறுபது வரை மஞ்சள். அறுபதுக்கு மேல் பச்சை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அலுவலக லிஃப்டில் ஏற அனுமதி உண்டு. பச்சைக்கு இல்லை. பச்சைக்காரனுக்கு எதற்கு லிஃப்ட், அவன்தான் இரும்பாச்சே!

அந்த வருஷம் ரத்தப் பரிசோதனை முடிவை ஷெட்டு முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பரீட்சை மார்க் மாதிரி வாசித்தார்கள். என் பெயர் வந்ததும் அதிகாரி வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“தொண்ணூத்திரண்டு! தோழர்களே, இவர் நெஞ்சுக்குள்ள தொண்ணூத்திரண்டு துப்புரவுப் பணியாளர் ராத்திரி பகலா வேலை செய்யறாங்க. லீவு கேக்கறது இல்ல, சங்கம் வைக்கறது இல்ல. நீங்களும் இருக்கீங்களே!”

எல்லாரும் என்னை முறைத்தார்கள். ஒரு வாரத்தில் போஸ்டர் வந்துவிட்டது. கையில் ஸ்பானரோடு நான் சிரிக்கிறேன். கீழே ‘குப்பையே இல்லாத நெஞ்சம்’ என்று கொட்டை எழுத்து.

வீட்டில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான மாசமே நான் சொல்லிட்டேன். இவங்களுக்கு ரத்தம் எடுத்தாத்தான் தெரியுது,” என்றாள்.

இரண்டு மாசம் கழித்து, ஒரு கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டும்போது நெஞ்சின் நடுவில் யாரோ ஜாக்கி வைத்து ஏற்றுவது மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன், இறங்கிவிட்டது. மறுநாள் ஏணியில் ஏறும்போது வந்தது. அப்புறம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியிலேயே வர ஆரம்பித்தது. எங்கள் தெரு முனையில் பதினோரு வாரமாக அள்ளாத குப்பை மேடு ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி இறங்குவதற்குள் மூச்சு முட்டி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

“எத்தனை நாளா இந்தக் கூத்து?”

“சும்மா மூச்சு வாங்குது. இந்தக் குப்பைதான்...”

“அதையும் நான் கேக்கணும். எண்பத்தாறு வண்டி வச்சிருக்கோம்னு உங்க டைரக்டர் பேப்பர்ல பேட்டி குடுக்கறார். அதுல ஒண்ணுக்குக்கூடவா நம்ம தெருவுக்கு வழி தெரியல?”

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

அவள் குரல் இறங்கிவிட்டது. “இங்க பாருங்க. எங்க அப்பாவும் இப்படித்தான் கம்பத்தைப் பிடிச்சிட்டு நின்னார். மூணாவது தடவை நிக்கல. நாளைக்கே போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிட்டு வாங்க. எனக்கு நீங்க வேணும், போஸ்டர் வேண்டாம்.”

எங்கள் துறையில் இதய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நலவாழ்வுப் பிரிவின் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரிவு இருப்பது மூன்றாவது மாடி. நெஞ்சு வலிக்காரர்கள் வந்து பார்க்க வேண்டிய பிரிவை மூன்றாவது மாடியில் வைத்த புண்ணியவானை நான் நேரில் பார்த்ததில்லை.

லிஃப்ட் வாசலில் என் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. லிஃப்டை இயக்குவது அவன் வேலை. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். என்னைப் பார்த்ததும் குறுக்கே கையை நீட்டினான்.

“மாமா, பேட்ஜ் பச்சையா இருக்கே.”

“டேய், நெஞ்சு வலிக்குதுடா.”

“இருக்கலாம் மாமா. ஆனா பச்சைக்குப் படிதான். நாளைக்கு அக்கா கேட்டா ரெண்டு திட்டு வாங்கிக்குவேன். மேலிடத்துல கேட்டா என்ன பண்ணுவேன், சொல்லுங்க?”

அறுபத்தாறு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஜாக்கி முழுசாக ஏறிவிட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே என் போஸ்டர். கீழே இறங்கி வந்த ஒருவர் போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து பரிவோடு கேட்டார்: “மேல இருக்கறது உங்க அண்ணனா?”

சீட்டு எழுதும் குமாஸ்தா முன்னால் போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாக நிமிர்ந்தார்.

“மூச்சு வாங்குதா?”

“ஆமா சார்.”

பேட்ஜைப் பார்த்தார். “வாங்கக் கூடாதே,” என்றார்.

பிறகு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். நெஞ்சு வலி விண்ணப்பம், மொத்தம் இருபத்து மூன்று கேள்வி. முதல் கேள்வி பெயர். இரண்டாவது நல்ல கொழுப்பின் எண். அதன் அடியில் பொடி எழுத்தில்: ‘அறுபதுக்கு மேல் எனில் நேராக இருபத்து மூன்றாம் கேள்விக்குச் செல்லவும்.’ இருபத்து மூன்றுக்குப் போனேன். ‘எனக்கு நெஞ்சு வலி இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். கையொப்பம்.’

“சார், எனக்கு வலி இருக்கே.”

“வலி இருக்குன்னா மூணாவது கேள்விக்குப் போகணும். மூணுக்குப் போகணும்னா நம்பர் கம்மியா இருக்கணும்.”

“நம்பரைக் குறைக்க வழி இருக்கா சார்?”

அவர் நல்ல மனுஷர், யோசித்துத்தான் சொன்னார். “சிகரெட் பிடிச்சா குறையும்னு சொல்றாங்க. ஆனா இந்தக் கட்டடத்துல சிகரெட்டுக்குத் தடை. வெளிய போய்ப் பிடிச்சிட்டு வாங்க, அறுபத்தாறு படிதான்.”

சத்தம் கேட்டு நலவாழ்வு அதிகாரியே அறையிலிருந்து வந்துவிட்டார். என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாற்காலி கொடுத்தார். அந்த ஒரு உபகாரத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

“வலி, வலின்னு சொல்றீங்களாமே. நான் இல்லேன்னு சொல்லல. உங்க வலி உங்க சொந்த விஷயம். ஆனா நிதானமா யோசிங்க. உங்களுக்கு வலிக்குதுன்னு நான் ஒத்துக்கிட்டா, உங்க நம்பர் தப்பு. நம்பர் தப்புன்னா பிரிவு தப்பு. பிரிவு தப்புன்னா நான் தப்பு. ஒரே ஒரு ஆளோட நெஞ்சுக்காக இத்தனை பேர் தப்பாகணுமா?”

“தொட்டாவது பாருங்க சார்.”

“நான் இந்தப் பதவிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒருத்தரோட நாடியைக்கூடத் தொட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை எனக்கு நம்பர் மேல.” உண்மையிலேயே அவர் கண் கலங்கியது. “வர்ற வியாழக்கிழமை டைரக்டர் ஷெட்டுக்கு ஆய்வுக்கு வர்றார். மேடையில உங்களுக்குப் பச்சைப் பட்டை போடப் போறார். அதுவரைக்கும் எதையும் வெளிய காட்டிக்காதீங்க. முகத்தை மலர்ச்சியா வச்சுக்குங்க.”

முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு படி இறங்கினேன். திருப்பத்தில் பின்னாலிருந்து, “அண்ணே, நில்லுங்க,” என்று ஒரு குரல். பிரிவில் ரத்தம் எடுக்கிற பெண். அவள் மட்டும்தான் அங்கே ஆட்களைத் தொட்டு வேலை செய்கிறவள்.

“அண்ணே, உங்களுக்கு மூட்டு வீக்கம் ரொம்ப வருஷமா இருக்குல்ல? ஊசி போடறப்பவே கையைப் பாத்தேன்.”

“பத்து வருஷமா இருக்கும்மா. அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இங்க நாம பாக்கறது எத்தனை நல்ல கொழுப்பு இருக்குன்னு மட்டும்தான். அது குழாய்ச் சுவர்ல ஒட்டினதை நிஜமாவே அள்ளுதான்னு பாக்கறது இல்ல. அது வேற பரிசோதனை, ஆராய்ச்சிக்கூடத்துல பண்றது. உடம்புல நாள்பட்ட வீக்கம், சர்க்கரை இதெல்லாம் இருந்தா சில பேருக்கு நல்ல கொழுப்பு பேருக்குத்தான் இருக்கும். தலைக்கணக்குல நிக்கும், வேலை நடக்காது. எல்லாருக்கும் அப்படி இல்ல, உங்களுக்கு அப்படித்தான்னும் நான் சொல்லல. ஆனா படி ஏறினா நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா நம்பரைப் பாக்கக் கூடாதுண்ணே, நெஞ்சைப் பாக்கணும். எப்படியாவது போயிடுங்க.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆராய்ச்சிக்கூடம் எதற்கு, எனக்கு? இந்த வித்தையில் இருபத்தாறு வருஷ அனுபவம் இருக்கிறதே!

இப்போது அந்தக் கதை. எங்கள் ஷெட்டில் பதிவேட்டின்படி வண்டி எண்பத்தாறு. ஓடுவது நாற்பத்தைந்து. மீதியில் பதினேழு வண்டிக்கு எஞ்சினே கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஆய்வுக்கும் எண்பத்தாறும் வரிசையில் நிற்கும். முதல் நாள் ஓடுகிற வண்டியை வைத்து ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவோம், காற்றடிப்போம், பெயின்ட் அடிப்போம். டைரக்டர் வந்து ஒவ்வொரு வண்டியின் ஹெட்லைட்டையும் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுவார். எண்பத்தாறு வந்ததும் எல்லாரும் கை தட்டுவோம். எத்தனை டைரக்டர் மாறினாலும் அதுதான் வழக்கம். ஒருத்தர்கூட, “ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணுய்யா,” என்று சொன்னதில்லை. எங்கள் ஃபோர்மேன் சொல்வார்: “எண்ணத் தெரிஞ்சவர் எண்ணறார், அவரை ஏன் தொந்தரவு பண்ணணும்?”

எஞ்சின் இல்லாத வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவதில் ஷெட்டிலேயே நான்தான் கெட்டிக்காரன். என் தெருவில் பதினோரு வாரம் குப்பை கிடந்ததற்கு என் பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு காரணம். மனைவி கேட்டபோது நான் வாய் திறக்காததும் அதனால்தான். எனக்குத் தெரியாமல் என் ரத்தத்துக்குள்ளும் ஒரு ஃபோர்மேன் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்திருக்கிறான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள்; சரியாக நெஞ்சிலேயே சுட்டது.

வியாழக்கிழமை வந்தது. லாரி ஒன்றின் தட்டையே மேடையாக்கியிருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். டைரக்டர் எண்பத்தாறு ஹெட்லைட்டையும் தொட்டு எண்ணிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார்.

“நண்பர்களே! நகரம் சுத்தமா இருக்கான்னு சில பேர் கேக்கறாங்க. அது தவறான கேள்வி. எத்தனை வண்டி இருக்குன்னுதான் கேக்கணும். ஏன்னா அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கு! போன வருஷம் எண்பத்தாறு. இந்த வருஷமும் எண்பத்தாறு. ஒரு வண்டிகூடத் தேயல. அவ்வளவு ஜாக்கிரதையா உபயோகிச்சிருக்கோம்!”

கைதட்டல். எனக்குப் பச்சைப் பட்டை போட்டார்கள். மேடை ஏறியதிலேயே ஜாக்கி பாதி தூக்கிவிட்டது. முகத்தை மலர்ச்சியாக வைத்திருந்தேன்.

அடுத்த நிகழ்ச்சி, வரிசையின் முதல் வண்டியில் டைரக்டர் ஏறி உட்கார்ந்து கொடியசைத்தபடி வாசல் வரை போவது. அதற்காக ஃபோர்மேன் நன்றாக ஓடும் பன்னிரண்டாம் நம்பர் வண்டியை முதலில் நிறுத்தியிருந்தார். அன்று காலையில், அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், டிரைவர்கள் இரண்டு பேரைக் கைத்துணைக்கு வைத்துக்கொண்டு நான் அதை எடுத்துவிட்டு நாற்பத்து நாலாம் நம்பரை அங்கே தள்ளி நிறுத்திவிட்டேன். புதுப் பெயின்ட், புது மட்கார்டு. எஞ்சின் மட்டும் இல்லை.

டைரக்டர் ஏறினார். கொடியை வெளியே நீட்டினார். டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். கொடி மட்டும் ஆடியது.

“மெக்கானிக் எங்கே? கூப்பிடுங்க நம்ம தொண்ணூத்திரண்டை!” என்று அதிகாரி கத்தினார்.

நான் போய்ப் பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு குருவிக்கூடும் இரண்டு பழைய துடைப்பமும் இருந்தன. டைரக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எஞ்சின் எங்கய்யா?”

“ரெஜிஸ்டர்ல இருக்குங்க ஐயா.”

பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்.

“ஐயா, என் நெஞ்சுக்குள்ள இருக்கற தொண்ணூத்திரண்டும் இந்த வண்டி மாதிரிதான். வரிசையா நிக்குது, குப்பை அள்ளல. வலி உயிர் போகுது. எனக்குச் சாகறதுக்கு இஷ்டம் இல்லீங்க, வீட்டுல ஒருத்தி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. இல்லேன்னா...” என்று அடுத்த வண்டியின் பானெட் மேல் கையை வைத்தேன்.

“எழுது,” என்றார் டைரக்டர்.

“ஐயா, விண்ணப்பத்துல மூணாவது கேள்விக்குப் போக வழி...” என்று அதிகாரி இழுத்தார்.

“எழுதித் தொலைய்யா!”

டைரக்டரின் உரைத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். அந்த அவசரத்திலும் பிரிவை விட்டுக்கொடுக்கவில்லை. ‘நோயின் காரணம்’ என்ற இடத்தில் ‘அளவுக்கு மீறிய நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பானெட்டை மெதுவாக மூடினேன். மறுநாள் பத்திரிகையில், டைரக்டர் கொடியோடு சிரிக்கும் படம் பிரமாதமாக வந்திருந்தது.

இதய ஆஸ்பத்திரி டாக்டர் நம்பரே கேட்கவில்லை. எத்தனையாவது படியில் வலிக்கிறது என்று கேட்டார். எனக்குத்தான் பழக்கதோஷம். “சார், எனக்கு நல்ல கொழுப்பு தொண்ணூத்திரண்டு,” என்றேன்.

“சந்தோஷம்,” என்றபடி அவர் என் நெஞ்சை எடுத்த ஆஞ்சியோ படத்தைத் திரையில் போட்டார். மூன்று குழாயில் அடைப்பு. ஒன்றில் நூல் நுழையத்தான் இடம். “உங்க ரத்தக்குழாய்க்கு யாரும் இதைச் சொல்லல போலிருக்கு.”

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. கண் விழித்தபோது, “ஷேவ் பண்ணிக்காம படுத்திருக்கீங்க, பாக்கச் சகிக்கல,” என்றாள். சரி, பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

மூன்று மாசம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என்னால் பிரிவில் ஒரு சீர்திருத்தம் நடந்திருப்பதாகச் சொன்னார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, தரமும் முக்கியம் என்று அதிகாரி எங்கோ பேசி விருதுகூட வாங்கிவிட்டாராம். விண்ணப்பத்தில் இருபத்து நான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது. ‘உங்கள் நல்ல கொழுப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா? ஆம் எனில் கையொப்பமிடவும்.’ இல்லை என்று எழுத இடம் விடவில்லை.

ஷெட்டில் ஃபோர்மேன் பெயின்ட் டப்பாவோடு காத்திருந்தார். “வாய்யா, வா. அடுத்த வாரம் ஆய்வு. உன் கை பட்டாத்தான் நாப்பத்து நாலுக்குக் களை வரும்.”

எனக்கு பிரஷ்ஷைத் தொடவே கை கூசியது. பெயின்ட்டை ஓரமாக வைத்துவிட்டுச் செத்த வண்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் கியர்பாக்ஸ், மற்றொன்றின் சக்கரம். ஆறு நாளில் ஏழு வண்டியைக் கழற்றி மூன்று வண்டியை ஓட வைத்தேன்.

“அடப்பாவி! ஏழைத் தின்னுட்டு மூணைத் துப்பியிருக்கியே!” என்று ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் வண்டியை எங்கள் தெருவுக்கு அனுப்பினேன். சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன். அரை நாளில் மேடு போய்விட்டது. மனைவி தெரு முனையில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, இங்க ஒரு சாக்கடை மூடி இருந்திருக்கு!” என்றாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஆய்வு நாளில் டைரக்டர் எண்பத்திரண்டோடு நின்றுவிட்டார். திரும்ப எண்ணினார். அதே எண்பத்திரண்டு. அன்றே எனக்கு மெமோ வந்தது. போதாக்குறைக்கு அதே வாரம் ரத்த முடிவும் வந்தது: ஐம்பத்தேழு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் குறைவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நலவாழ்வு அதிகாரிக்கு யார் சொல்வது? எண்பத்தாறாக இருந்த ஷெட்டையும் தொண்ணூற்றிரண்டாக இருந்த ரத்தத்தையும் தன்னிச்சையாகக் குறைத்த குற்றத்துக்கு விளக்கம் எழுதி, மூன்றாவது மாடியில் நேரில் கொடுக்க வேண்டும் என்றது மெமோ. எழுதினேன். ‘வண்டி நான்கு குறைந்தது உண்மை. தெருவில் குப்பையும் குறைந்தது.’ அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

லிஃப்ட் வாசலில் மச்சினன் என் மஞ்சள் பேட்ஜைப் பார்த்துவிட்டுக் கதவை அகலமாகத் திறந்தான். “வாங்க மாமா, வாங்க! இப்பத்தான் நீங்க ஆபத்தான கட்டத்துல இருக்கீங்க. பாத்து ஏறுங்க.”

“நீயே ஏறிப் போடா,” என்று சொல்லிவிட்டுப் படிப் பக்கம் திரும்பினேன்.

அறுபத்தாறு படி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் போஸ்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் நிற்கவில்லை. மேலே போய் குமாஸ்தாவிடம் விளக்கத்தை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படியிலயா வந்தீங்க?”

“ஆமா சார்.”

“மூச்சு வாங்கலையா?”

“இல்ல சார்.”

பேட்ஜைப் பார்த்தார். மேஜை மேலிருந்த ரத்த முடிவைப் புரட்டி எண்ணைச் சரிபார்த்தார். அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது.

“வாங்கணுமே,” என்றார்.